பாசஞ்சர் வண்டிக்கு நன்றி: ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத் தலைவருக்கும், தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும், மதுரைக் கோட்டத்தில் கொடி காட்டுகிறவர் முதல் வண்டி ஓட்டுகிறவர் வரை அத்தனை பேருக்கும் வணக்கம்.

நன்றி சொல்லத்தான் இந்த மடல். கோரிக்கையும் இருக்கிறது. அதை முதலில் வைத்தால், நன்றி ஏதோ காரியம் ஆவதற்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் நன்றி முதலில்.

நான் தென்காசி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதன்கிழமை வந்தால் தடுப்பூசி, மற்ற நாட்களில் கர்ப்பிணிகள், பச்சைப் பிள்ளைகள், காய்ச்சல் கணக்கு. வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மினி பஸ்கூட எட்டிப் பார்க்காத தெருக்களில் நடந்த உத்தியோகம். அத்தனை வருடமும் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஓர் ஊருக்குப் போனது கிடையாது. லீவு எடுத்தால் அது கல்யாணத்துக்கு இருக்கும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு இருக்கும்.

அறுபது வயதில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் "இனிமேல் நிம்மதியா இருங்க" என்றார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை ஓய்வு பெற்றால் அவள் போய் உட்கார இடமே கிடையாது. ஆண்களுக்கு டீக்கடை பெஞ்ச் இருக்கிறது, நூலகத்தில் பேப்பர் படிக்கிற மேசை இருக்கிறது, ஆற்றங்கரைப் படித்துறை இருக்கிறது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் கோயில், கல்யாண மண்டபம், துஷ்டி வீடு, இவ்வளவுதான். ஒருத்தி வீட்டுக்கு மற்றவர்கள் போனாலும் வீட்டுக்காரி அடுப்படியில்தான் நிற்பாள். பாதிப் பேச்சு காபி ஆற்றுகிற சத்தத்தில் போய்விடும். "நீ உட்காரு, நான் போடுதேன்" என்று இன்னொருத்தி எழுந்து போவாள். அப்புறம் அவளும் பேச்சில் இல்லை.

ரயில் பெட்டி யாருடைய வீடும் இல்லை. இதை நான் கண்டுபிடிக்க அறுபது வயது ஆனது. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எங்களில் யாரும் யாருக்கும் காபி போட வேண்டாம். வாசலில் கேஸ்காரர் வரமாட்டார், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. தென்காசியில் ஏறினால் திருநெல்வேலி போகும்வரை பேச்சை அறுக்க ஆளில்லை. நீங்கள் பாவூர்சத்திரம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஊராக நிறுத்தி நிறுத்திப் போகிற அந்த மெதுவான வண்டி எங்களுக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று உங்கள் வருமானக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது. அதனால்தான் எழுதிச் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர். ஒருவர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சரக்கா. ஒருத்தி சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். இன்னொருத்தி பத்துப் பன்னிரண்டு வயதில் பீடித்தட்டை மடியில் வைத்தவள், பல்லு போகிற வயதில்தான் இறக்கி வைத்தாள். மூன்று பேரும் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பீடி சுற்றியவளின் விரல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவை சும்மா இராது. கவுண்டரில் வாங்கிய டிக்கெட்டை அவள் கையில் கொடுத்தால், பேசிக்கொண்டே அதை ஓரம் மடித்து, உருட்டி, நுனியை நகத்தால் அழுத்திவிடுவாள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒரு தடவை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவும் இப்படித்தாம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். டீச்சரக்கா இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றே போனில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிடுகிறார். விரல்கள் இப்போது சேலைத் தலைப்பைச் சுற்றுகின்றன.

நாங்கள் போகிற இடங்கள் எதுவும் பெரிய இடங்கள் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பியிருக்கிறோம். அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் வண்டி தாமிரபரணியைத் தாண்டும்போது நாலு பேரும் ஒரே ஜன்னலுக்கு வந்துவிடுவோம், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க. மிளகாய்ப்பொடி தடவின தோசையை வாழை இலையில் கட்டிக்கொண்டு போவோம். அமைப்பாளர் வீட்டு முந்திரிக்கொத்து இருந்தால் பக்கத்து இருக்கைப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அவளுக்கு இன்னமும் நாலு பேருக்கு அளந்து எடுத்து வரத் தெரியாது.

திருநெல்வேலியில் வண்டி மாறித் திருச்செந்தூர் போன நாளைச் சொல்ல வேண்டும். பீடிக்காரி திருச்செந்தூருக்குப் பல தடவை போனவள்தான். மூத்தவனுக்கு மொட்டை, இளையவளுக்குக் காது குத்து, மாமியாருக்குச் சுகமானால் வருகிறேன் என்று நேர்ந்துகொண்ட மாவிளக்கு. எப்போதும் தலையில் பையும் இடுப்பில் பிள்ளையும்தான். அன்றைக்கு நாழிக்கிணற்றில் குளித்துவிட்டுத் தரிசனமும் முடித்துக் கடற்கரைக்கு வந்தோம். அவள் மணலில் நின்றுகொண்டே என்னைக் கேட்டாள்:

"நர்சக்கா, இன்னைக்கு நேர்ச்சை ஒண்ணும் கெடையாதுல்லா?"

"கெடையாது."

"அப்போ சும்மா இருக்கலாமா?"

இருந்தாள். வெயில் ஏறும்வரை இருந்தாள். காலை நீட்டி, அலை வந்து பாதத்தைத் தொடுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் கூப்பிடவில்லை.

அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் ஸ்ரீவைகுண்டம் வந்தால் டீச்சரக்கா ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போடுவார். உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். 2023 டிசம்பர் 17-ம் தேதி ராத்திரி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழையில், செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். வண்டியில் சுமார் 800 பேர். அதற்கு அப்பால் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படங்களைப் பிறகுதான் பார்த்தோம். வண்டியைப் போகவிடாமல் பிடித்து வைத்த நிலைய அதிகாரிக்கும், வெள்ளத்தின் நடுவிலும் சோறு பொங்கிக் கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கும்பிடு. அரித்த பாதையை மறுபடி போட்டு வண்டி ஓட வைத்த கேங்மேன்களுக்கும் அது சேரட்டும். தினமும் தண்டவாளத்தோடு நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வரும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது.

எங்கள் பயணங்களிலேயே துணிச்சலானது என்றால் புனலூர்தான். செங்கோட்டையிலிருந்து 49 கிலோமீட்டர். 1904-லிருந்து மீட்டர் கேஜ் வண்டி ஓடிய பாதை. 2010-ல் அகலப் பாதைக்காக நிறுத்தி, 2018-ல்தான் முழுசாகத் திறந்தீர்கள். அந்த எட்டு வருடமும் என் வீட்டுக்காரர் "இனி வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தது. மத்தியான வண்டியில் ஏறினோம். மலை ஏற்றத்துக்காகப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோர்த்தார்கள். முன்னால் ஒன்று இழுக்கப் பின்னால் ஒன்று தள்ள, வண்டி நிதானமாக ஏறியது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஊளையிட்டன. எங்கள் அமைப்பாளரும் ஊளையிட்டாள். முப்பது வருடம் "சத்தம் போடாம சாப்பிடுங்கலே" என்று பிள்ளைகளை அதட்டியவள், இருட்டில் யார் என்று தெரியாது என்ற தைரியத்தில், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். வெளிச்சம் வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. இந்தப் பக்கம் வெயிலில் வெளுத்துக் கிடந்த மலை, ஆரியங்காவு பக்கம் போனதும் ஒரே பச்சை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது, கீழே ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி எங்களைப் படம் எடுத்தார்கள். நாங்கள் கையாட்டினோம். புனலூரில் 1877-ல் கட்டி முடித்த தொங்கு பாலத்தில் கல்லடை ஆற்றைப் பார்த்தபடி நடந்தோம், கடையில் பழம்பொரி சாப்பிட்டோம், பஸ் பிடித்து ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டோம். அவ்வளவுதான். இதைச் சாகசம் என்று சொன்னால் யாருக்காவது சிரிப்பு வரலாம். எங்கள் நாலு பேருக்கும் அது சாகசம்தான்.

நான் வீட்டை விட்டுக் காலையில் கிளம்பி ராத்திரி திரும்ப முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். அதையும் இந்த மடலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, தனியாக விட முடியாது. நான் போகிற நாளில் நாத்தனார் கடையத்திலிருந்து காலை வண்டியில் வந்து இறங்குவாள். அவளுக்கும் வயது குறைவில்லை, மூட்டு வலி வேறு. "எங்கம்மாவை நீ இத்தனை வருஷம் பார்த்தே, ஒரு நாள் நான் பார்க்கக் கூடாதா" என்பாள். வீட்டுக்காரர் ரசம் வைக்கப் படித்துக்கொண்டார். பெங்களூரில் இருக்கும் மருமகள் நான் எங்கே போகிறேன் என்று தெரிந்தால், எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த பிளாட்பாரம் என்று பார்த்து அனுப்பிவிடுவாள். திரும்பி வந்ததும் படம் கேட்பாள். என் சம்பாத்தியத்துக்கு வீட்டில் மரியாதை எப்போதும் இருந்தது. என் ஆசைக்கும் மரியாதை உண்டு என்று நான் தெரிந்துகொண்டது ஓய்வுக்குப் பிறகுதான். அந்த மரியாதையைக் கொடுத்தவர்களுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று செய்தோம். பிள்ளைகள் பரீட்சை லீவுக்கு வந்திருந்தபோது, அத்தையையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக ராமேஸ்வரம் போனோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் போக வேண்டும் என்று பேரனுக்கு ஆசை. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறி கப்பலுக்கு வழிவிடும் என்று வழியெல்லாம் எங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். அத்தைக்கு வேறு கணக்கு. 1964 டிசம்பரில் புயல் அடித்து, தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டி கடலோடு போன சமயத்தில் அவர் புதுப்பெண். சேதி பேப்பரில் வந்து, ஊரில் யாரோ வாசித்துக் காட்ட, ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லுவார். பாலத்தில் வண்டி ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பழைய பாலம் எங்கட்டி?" என்றார். பக்கத்திலேயே நின்றது, 1914-ல் திறந்த பாலம். அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பேரன் மேலே தூக்குகிற துண்டைக் காட்டக் காட்ட, அவர் கீழே பழைய தூண்களில் அலை அடிப்பதையே பார்த்தார். இரண்டு பேரும் ஒரே ஜன்னல். அத்தையைச் சக்கர நாற்காலியில் வைத்து வண்டி வரை தள்ளி வந்து, தூக்கி ஏற்றிவிட்ட அந்தத் தம்பிக்கு நாங்கள் கொடுத்த காசை அவர் வாங்கவில்லை. அவருக்கு என் நன்றி.

இனிக் கோரிக்கை.

2020 மார்ச் 20-ம் தேதி முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தி வைத்தீர்கள். அதுவரை 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணம் குறைவு. அன்றைக்கு நிறுத்தியது சரி. முதியவர்கள் வெளியே வர வேண்டாம் என்று நாங்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் நோய் தணிந்தது, வண்டிகள் எல்லாம் திரும்பி வந்தன, சலுகை மட்டும் வரவில்லை. எனக்கு 58 ஆனது அந்த வருடம்தான். அதனால் அந்தச் சலுகையில் நான் ஒரு தடவைகூடப் பயணம் செய்ததில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியும். ஒரு பயணிக்கு 100 ரூபாய் செலவானால் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 46 சதவீதச் சலுகையை ஏற்கெனவே எல்லோருக்கும் கொடுக்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னீர்கள். அது பெரிய உதவி, மறுக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக இருந்ததை 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ரூபாய்க்குக் கொண்டுவந்தீர்கள். அன்றைக்கு நாங்கள் அல்வா வாங்கிச் சாப்பிட்டோம்.

ஆனால் ராத்திரி வண்டியில் ஸ்லீப்பரில் போகிற தூரம் வரும்போது எங்கள் நாலு பேர் கூட்டம் மூன்று பேராகிவிடுகிறது. எனக்கும் டீச்சரக்காவுக்கும் அரசாங்க ஓய்வூதியம் இருக்கிறது. பீடிக்காரிக்கு வருவது வருங்கால வைப்பு நிதி பென்ஷன். அதில் குறைந்தபட்சத் தொகை 2014-ல் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அவள் அந்த ஆயிரத்தைத்தான் வாங்குகிறாள். சென்னையில் மகளைப் பார்க்கப் போய் வர ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தால் அந்த மாதம் கையில் ஒன்றும் நிற்காது. "நீங்க போயிட்டு வாங்க, நான் அப்புறம் வாரேன்" என்பாள். நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம் என்றால் வாங்கமாட்டாள். வாங்காததும் நியாயம்தான். உரிமையாக வருகிற சலுகையை யார் முகத்தையும் பார்க்காமல் கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தோழிகளின் தயவு அப்படி இல்லை.

ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலுமாவது சலுகையைத் திருப்பிக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லியிருக்கிறது. நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. ஸ்லீப்பரிலும் இரண்டாம் வகுப்பு இருக்கையிலும் கொடுங்கள். 2017-ல் வேண்டாதவர்கள் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு வழி வைத்தீர்களே, அதையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். என் பங்கை முழுசாக விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் எழுதித் தருகிறேன். டீச்சரக்காவும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 45 வயதான பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கீழ்ப் படுக்கை தானாகக் கிடைக்க நீங்கள் செய்திருக்கும் ஏற்பாட்டைத் தயவுசெய்து எந்தக் காலத்திலும் எடுத்துவிடாதீர்கள். மேலே ஏற முடியாத உடம்பு எவ்வளவு வெட்கத்தோடு அடுத்தவரைக் கெஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இதைச் செவிலியராகச் சொல்கிறேன். சில சின்ன நிலையங்களில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அலைய வேண்டும். அதற்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்கிறார்கள். சாயங்காலம் நீர்க்கடுப்போடு வந்து நிற்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. பெரிய நிலையங்களைப் பளபளப்பாக்குவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் செலவில் ஒரு துளி எடுத்து, சின்ன நிலையங்களில் ஒரு கழிப்பறையைத் திறந்து வைத்துத் தண்ணீர் விட்டால் போதும். பிளாட்பாரம் தாழ்வாக இருக்கிற இடங்களில் வண்டியின் முதல் படி எங்களுக்கு இடுப்பு உயரம் வருகிறது. அங்கெல்லாம் பிளாட்பாரத்தை உயர்த்தித் தாருங்கள். அதுவரைக்கும் ஒரு நிமிடம் கூடுதலாக வண்டி நிற்கட்டும்.

முக்கியமாக, எல்லா ஊரிலும் நிற்கிற வண்டிகளைக் குறைத்துவிடாதீர்கள். வேகமான வண்டிகள் வரட்டும், பேரப்பிள்ளைகளுக்கு அவை வேண்டும். ஆனால் கீழக்கடையத்திலும் இரவணசமுத்திரத்திலும் நிற்காத வண்டியில் என் நாத்தனார் ஏற முடியாது. அவள் வராவிட்டால் நான் கிளம்ப முடியாது.

மார்கழி கழிந்ததும் போடிநாயக்கனூர் போகலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். மதுரையிலிருந்து போடிக்கு 2023-ல் மறுபடி வண்டி விட்டீர்கள், ஏலக்காய் மணக்கிற ஊர் என்று டீச்சரக்கா சொல்கிறார். பகல் வண்டி, முன்பதிவில்லாத பெட்டி, அதனால் நாலு பேருமே வருகிறோம். அதற்கடுத்து ஒரு ராத்திரிப் பயணம் போகவும் ஆசை இருக்கிறது. எந்த ஊர் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தென்காசி மாவட்டம்.